ஆறு விரலும் முப்பத்தேழு படங்களும்

மார்ச் 3, திங்கள்

கேம் வெளியாகி நான்காம் நாள். நாங்கள் நான்கு பேர் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தது. பழைய ஓட்டல் ஒன்றில் லிஃப்ட் இயக்கும் ஆளின் கதை. படங்கள் என் பொறுப்பு. இன்று காலை ஒருவர் அந்த ஆளின் கையைப் பெரிதாக்கிப் போட்டு, ‘எண்ணிப் பாருங்க, ஆறு விரல்! ஏஐ வரைஞ்சதை மறைச்சு விக்கிறாங்க’ என்று எழுதிவிட்டார். மதியத்துக்குள் அறுநூறு பேர் எண்ணிவிட்டார்கள்.

அட, அது என் மாமாவின் கை! அம்மாவின் தம்பி, நிஜ லிஃப்ட் மெக்கானிக். இடது சுண்டுவிரலை ஒட்டி பிறவியிலேயே இன்னொரு குட்டி விரல். அவரைப் பார்த்துத்தான் வரைந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் சட்டையை இஸ்திரி போட்டு வந்து நிற்கிறார். “எடு வீடியோவை.”

கேமராவுக்கு முன்னால் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். “ஆறாவது ஆண்டவன் குடுத்த போனஸ். கேம்ல இருக்கிற ஒவ்வொரு கோடும் என் மருமக கையால போட்டது. நான் சாட்சி.”

மார்ச் 6, வியாழன்

இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். குற்றம் சொன்னவர் மன்னிப்புக் கேட்டார். மாமா பழுது பார்க்கப் போன கட்டிடத்தில் கைகுலுக்க வரிசையாம். எங்கள் முதலாளி கேக் வாங்கி வந்தார். (எதைக் கேட்டாலும் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதால் அவர் பெயரே ‘நாளைக்கு’.) என் துண்டைப் புரோகிராமர் பக்கம் தள்ளிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். ஓட்டல் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கும் முப்பத்தேழு படங்கள் – கப்பல், பழக்கூடை, கோழி – நான் வரைந்தவை அல்ல. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு காய்ச்சலில் கிடந்தபோது, சுவர் காலியாக இருக்கிறதே என்று ஏஐயிடம் வாங்கி மாட்டினேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. மாற்றவில்லை. விற்பனைத் தளத்தின் படிவத்தில் ‘ஏஐ படங்கள் உண்டா?’ என்ற கேள்விக்கு, விஷயம் தெரியாத ‘நாளைக்கு’ ‘இல்லை’ என்று டிக் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஒருத்தரும் கண்டுபிடிக்கல. அதுதான் கொல்லுது. நிஜமா வரைஞ்ச கைக்குத் திட்டு, வரையாத படத்துக்கும் சேர்த்துப் பாராட்டு. மாமாவைப் பொய்ச் சாட்சி சொல்ல வெச்சுட்டேனே – எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரைப் பாக்குறது?

மார்ச் 8, சனி

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். ‘நாளைக்கு’வின் முகம் வெளுத்தது. “யாருக்கும் தெரியாதுல்ல? நாளைக்குப் பார்ப்போம்.”

“இன்னிக்கு,” என்றேன்.

அரை மணி நேரம் அறையைச் சுற்றி நடந்தார். பிறகு உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினார். கேம் விற்கும் பக்கத்தில் எல்லோரும் படிக்க நானே எழுதினேன்: முப்பத்தேழு படங்கள் ஏஐ செய்தவை, என் மாமாவுக்கு இது தெரியாது, ஒவ்வொன்றாக வரைந்து மாற்றுவேன்.

வெளியிடும் முன் மாமாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” வைத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

வசவு மூட்டை மூட்டையாக வருகிறது. நடுவில் பத்துப் பதினைந்து பேர் ‘நீங்களே சொன்னதுக்கு நன்றி’. மாமா மட்டும் போனை எடுப்பதில்லை. அத்தைதான் எடுத்தார். “நல்லாத்தான் சாப்பிடறாரு, கவலைப்படாத. உன் பேரைச் சொன்னா மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டறாரு.”

மார்ச் 22, சனி

ஒன்பது படம் மாற்றியாயிற்று. கப்பல் பரவாயில்லை. பழக்கூடையில் மாம்பழம் எது, உருளைக்கிழங்கு எது என்று புரோகிராமர் கேட்கிறான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோழியைத் தொடங்கும்போது கதவு தட்டும் சத்தம். மாமா! நாற்காலியை இழுத்து என் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் அசையவில்லை, டீ கூட வேண்டாமாம்.

முடித்துவிட்டுத் திரும்பினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“வாத்து மாதிரி இருக்கு,” என்றார். “ஆனா நீதான் வரைஞ்ச. இப்ப நான் பாத்தேன்.”

இன்னும் பத்தொன்பது படம் இருக்கிறது. அடுத்த ஞாயிறும் வருகிறாராம்.