எண் இல்லாவிட்டால் பூச்சியம்

திங்கள், நவ. 11

காலையிலிருந்தே தூறல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது.

வேலை: தேயிலைத் தோட்டங்களிலிருந்து தினம் காலை ஆறு மணிக்கு வரும் மழை எஸ்.எம்.எஸ். இடம், நேரம், மி.மீ. ஒரே வரி. அதை வெட்டி, இடத்தைச் சொல்லாக, நேரத்தை நேரமாக, மழையை எண்ணாக மாற்ற வேண்டும். எண் கூடினால் தோட்டத்துப் போன்களில் சிவப்பு: மண் சரியலாம். ஆட்கள் லயத்து வீடுகளை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். குறைந்தால் பச்சை.

12 இடம். ஏழாவதில் அளப்பது என் அக்கா. அவள் லயம் சரிவுக்கு நேர் கீழே.

எண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ "பிறகு அனுப்புறேன்" என்று எழுதியிருக்கிறார். புரோகிராம் விழுந்தது. மூன்று தடவை. முதலாளி பாஸில், நாங்கள் நானா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், என் கதிரைக்குப் பின்னாலேயே நின்றார். "வியாழன் தோட்டக் கம்பனிக்காரங்களுக்குக் காட்டோணும், தங்கச்சி. இடையில நிக்கப்படாது."

ஒரு வரி சேர்த்தேன்: எண் இல்லாவிட்டால் 0. பிறகு விழவில்லை. கெட்டிக்காரி என்று நானே சொல்லிக்கொண்டேன். மாலையே தோட்டத்துப் போன்களில் சோதனையாக ஓடவிட்டோம்.

செவ்வாய், 12

பேய் மழை. குடை முறிந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

நான்கு இடம் சிவப்பு. அக்காவின் இடம் 0, பச்சை. அப்பாடா. மலைக்கு அந்தப் பக்கம் சில நாள் வெயில்கூட அடிக்கும்.

மத்தியானம் அக்காவின் போன். நானா பேசிக்கொண்டிருந்தார், வெட்டிவிட்டேன். திருப்பி எடுக்க மறந்துபோச்சு.

புதன், 13

இன்னும் விடவில்லை. எதிர்க் கடைப் பலகை தெரியவில்லை. ஏழு இன்றும் 0. 9.40க்கு, அக்கா அனுப்பிய எஸ்.எம்.எஸ்களை அப்படியே திறந்து பார்த்தேன்.

செவ்வாய் 6.02: நெறஞ்சு வழியுது
புதன் 6.05: இன்னைக்கும் நெறஞ்சு வழியுது

மழைமானி கொள்ளாத மழை. அதைப் பூச்சியமாக்கியது நான். நான்தான்.

அக்காவின் போன் ஓஃப். தோட்ட ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை. ஆறு தடவை. ஏழாவது தடவை கிளார்க்.

"பச்சதானேம்மா காட்டுது?"

"அது பொய்ங்க. நான் எழுதினது. எல்லாரையும் கெளப்புங்க!"

நானா கேட்டுக்கொண்டிருந்தார். மற்றத் தோட்டங்களுக்கு அவரே போன் எடுத்தார்.

12.20. எல்லாரும் பள்ளிக்கூடத்தில்.

2.00. மண் இறங்கியது. லயத்தில் ஐந்து காம்பரா வீடு இல்லை. அக்காவுடையது மூன்றாவது.

4.15. அக்கா, யாருடையதோ போனில். "எல்லாரும் உசுரோட இருக்கோம். வெடியகாலையிலயே போவோம்னாங்க. நான்தான் தடுத்தேன். பச்ச காட்டுது, ஏந்தங்கச்சி செஞ்சது, பொய் சொல்லாதுன்னேன்."

போனை வைத்துவிட்டேன். கோழை.

வியாழன், 14

தூறல்.

மாற்றியது: மழை இனி வெறும் எண் அல்ல. எண், அல்லது 'தெரியாது'. தெரியாது என்றால் சிவப்பு. அனுப்பியவர் எழுதிய வரியும் அப்படியே தெரியும். இரண்டு மணி நேர வேலை. திங்களன்றே செய்திருக்கலாம்.

பார்க்க வந்த கம்பனிக்காரர்களிடம் நடந்ததைச் சொல்லவா என்று நானாவிடம் கேட்டேன். "சொல்லுங்க. அவசரப்படுத்தினது நான். நானும் பக்கத்துல நிக்கிறேன்." சொன்னோம்.

பிறகு அக்காவுக்குப் போன் எடுத்தேன். 0, பச்சை, அந்த ஒரு வரி, எல்லாம் சொன்னேன். அழுதேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம். அதற்கு மேலே அக்காவின் குரல்.

"மானி மண்ணுக்குள்ள போயிருச்சு. அளக்குற கிளாச மட்டும் கையில எடுத்துக்கிட்டு வந்தேன். நாளைக்கு ஆறு மணிக்கு மழைய எதுல புடிச்சு அளக்க?"