மணிக்கட்டில் எழுதிய விடைகள்

என் பிரியமுள்ள கெர்டா அண்ணிக்கு,

ஓய்வுபெற்று நியூஜெர்சியில் உங்கள் வீட்டுக்கு நான் வந்த முதல் வாரம், அண்ணனிடம் கற்ற தமிழில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "டீச்சர், உங்க ஸ்கூல் பொண்ணுங்க எப்படி காப்பி அடிப்பாங்க?" முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது! அடிஸ்கேலின் பின்புறம், பாவாடை ஓரம், உள்ளங்கை என்று அடுக்கினேன். நீங்கள் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினீர்கள். "நான் இங்க எழுதுவேன். ஆடும்போது சுத்துற டேப் மேல."

ஜெர்மனியில் படிக்கப்போன அண்ணன் ஒரு ஹாக்கி ஆட்டக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது மட்டும்தான் திருச்சியில் எங்களுக்குத் தெரியும். எத்தனை கோல் போட்டீர்கள் என்று அன்று கேட்டேன். "ஒண்ணுகூட இல்ல." உங்கள் வேலை வேறு. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து, பந்தை அடிக்கப்போகிறவளை நோக்கி நேராக ஓடவேண்டும். அப்போது முகக்கவசம்கூடக் கிடையாது. நான் சாக்பீஸ் எறிந்தாலே பிள்ளைகள் குனிவார்கள். நீங்கள் கல் போன்ற பந்தை நோக்கி ஓடியிருக்கிறீர்கள், ஒன்பது வருடம், உங்கள் நாட்டுக்காக.

தலையில் அடிபட்டால் அணி மருத்துவர் கேட்பாராம்: இது எந்த ஊர்? போன ஆட்டம் யாரோடு? தவறாகச் சொன்னால் பெஞ்சுக்குப் போகவேண்டும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே இரண்டையும் டேப்பில் எழுதிக்கொள்வீர்கள். "மூணு தடவை பாஸ், டீச்சர்!" நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன், அண்ணி?

போன குளிர்காலத்தில் ஒரே நாளில் மூன்று முறை பால் வாங்கப் போனீர்கள். மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தீர்கள். அண்ணன் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினார். அன்று மாலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள்.

"ஃபெயில் ஆனா கார் சாவிய வாங்கிருவார். எனக்கு பெஞ்ச்ல உக்காரத் தெரியாது, விமலா. சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடு என்று யாராவது கேட்டால் மறுக்க எனக்குத் தெரியாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உங்களுக்குக் கழிக்க வரவில்லை. வாய்ப்பாடு போல உருப்போட வைத்தேன்: தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது... கடிகாரம் வரையப் பழக்கினேன். பரிசோதனை நாள் காலை, தேதியையும் கிழமையையும் உங்கள் மணிக்கட்டில் எழுதியது என் கை. ஸ்வெட்டரை அதன்மேல் இழுத்துவிட்டதும் நான்தான்.

உருப்போட்ட பிள்ளைக்கும் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? அன்று தெரியாதவள் போல இருந்துவிட்டேன்.

"பாஸ்!" என்று கார் பார்க்கிங்கிலேயே கையை உயர்த்தினீர்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகலில், நீங்கள் முன்பு கோச்சாக இருந்த பள்ளி மைதானத்துக்குக் கிளம்பினீர்கள். வண்டிகள் வெளியே வருகிற வழியில் ஃப்ரீவேக்குள் ஏறிவிட்டீர்கள். எதிரே லாரி. அதன் டிரைவர் பிழைத்துக்கொண்டார். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லையாம்.

உங்கள் ஹாக்கி மட்டை இன்னும் வாசலில் குடைகளோடுதான் நிற்கிறது. அண்ணன் தினமும் அதைப் பார்த்தபடி கேட்கிறார்: "டாக்டர் நார்மல்னுதானே சொன்னார்? நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேனா, விமலா?" நான் காபியை ஆற்றிக்கொண்டே, "இல்லண்ணா" என்கிறேன்.

ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளுக்கும் இந்த மறதிக்கும் தொடர்பு உண்டா? மருத்துவர்தான் சொல்லியிருக்கவேண்டும். அவரைச் சொல்லவிடாமல் செய்தவள் நான்.

இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சாகுமுன் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டுவேன். பிறகு என் முகத்தில் விழிப்பாரோ, மாட்டாரோ. தான் செய்யாத தவறை அவர் இனி ஒரு நாளும் சுமக்கக் கூடாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாரையாவது அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனால், ஒரு விடைகூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். உள்ளே அனுப்புமுன், அவர்கள் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள்.

உங்கள் நாத்தனார்,
விமலா