நான் போட்ட ஒரே கையெழுத்து

சித்திரை 8, திங்கள்

காலையிலேயே அனல். மோட்டார் எரிந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். காலனிக் குழாயில் காற்றுகூட இல்லை. துணி ஊற வைக்கவில்லை. ரேஷனில் பருப்பு வாங்க வேண்டும்.

புது மோட்டார் பில்லில் தலைவர் கையெழுத்துப் போட்டாயிற்று. துணைத் தலைவரும் போட்டால்தான் செல்லும். அவர் (இனி து.த.) போடமாட்டாராம். ஊர்ப் பக்கம் தண்ணீர் வருகிறது, அவருக்கென்ன.

மதியம் முனியம்மா அக்கா வந்தார். நான் மூன்றாவது வார்டு உறுப்பினர், அவர் நான்கு. து.த. மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஒன்பது பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் கூட்டம் கூட்டியாக வேண்டுமாம். இறக்குவதற்கு அதைவிட அதிகம் பேர் வேண்டும், அது அப்புறம். நான்கு கையெழுத்து ஆகிவிட்டது.

"வூட்டுக்காரு வரட்டும்னு சொல்லாத செல்வி. எலக்சன்ல நின்னது நீ."

வீட்டுக்காரர் கம்பெனி ஷிப்டில். போட்டுவிட்டேன். தமிழில், ம. செல்வி என்று முழுசாக. உறுப்பினராகி மூன்றரை வருஷம், நான் போட்ட முதல் கையெழுத்து இது. கூட்டத்துக்கெல்லாம் அவர்தான் போவார். தீர்மான நோட்டில் என் பெயரை இங்கிலீஷில் சுழித்து, அடியில் கோடு இழுத்துவிட்டு வருவார். முதல் கூட்டத்தன்று சின்னவளுக்குக் காய்ச்சல், அப்படி ஆரம்பித்தது. யாரும் கேட்டதில்லை.

மனசு லேசாக இருக்கிறது. பருப்பு மறந்துபோச்சு.

சித்திரை 9, செவ்வாய்

டிவியில் ஏதோ மாநிலத்தில் நம்பிக்கை ஓட்டு. எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்டில் வைத்திருக்கிறார்களாம். வீட்டுக்காரர் சோறு ஆறுவது தெரியாமல் பார்த்தார். "எறக்கிடுவாங்கோன்ற பயம் கீதே, அது இருந்தாத்தான் நாற்காலில குந்திக்கினு கீறவன் ஒழுங்கா இருப்பான்" என்று எனக்கு விளக்கம் வேறு.

நல்ல மனநிலை என்று நினைத்து மனுவைப் பற்றிச் சொன்னேன்.

"உன்ன யாரு போடச் சொன்னது? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். மீதியை நான் சாப்பிட்டேன்.

சித்திரை 15, திங்கள்

வெயில். தலைவலி. உத்திரமேரூர் போய் வந்தது.

மனுவை விசாரிக்கும் அதிகாரி கூப்பிட்டிருந்தார். மனுவில் இருப்பது செல்வி கையெழுத்தே இல்லை, போலி என்று து.த. எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடவே தீர்மான நோட்டு.

அதிகாரி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "இதுல எதும்மா உங்களுது?"

மனுவைத் தொட்டேன். வெள்ளைத் தாளில் போடச் சொன்னார். போட்டேன். அப்படியே இருந்தது.

"அப்ப நோட்டுல இருக்கறது யாரு போட்டது?"

ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரர் வண்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "மனு உங்களுதுன்னா நோட்டுல இருக்கறது போலி. போட்டவர் மேல கேஸுக்கு எழுதணும். நோட்டு உங்களுதுன்னா இந்த மனு செல்லாது. புதன்கிழமைக்குள்ள எதுன்னு எழுதிக் குடுங்க."

திரும்பும்போது கல்வெட்டுக் கோயில் பக்கம் டூரிஸ்ட் வேன், வழி அடைப்பு. கைடு யாருக்கோ சொல்கிறார்: "அந்தக் காலத் தேர்தல்ல கணக்கு காட்டாதவங்க திரும்ப நிக்கவே முடியாது சார், சொந்தக்காரங்களும் சேத்து." வீட்டுக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

சித்திரை 16, செவ்வாய்

தூக்கமில்லை. சமையல் ஒன்றும் இல்லை, பழைய சோறு.

அக்கா வந்து வாசலிலேயே நின்றார். "ஆறாவதா ஒருத்தரும் வர மாட்டேன்றாங்கோ. உன்னுது போச்சுன்னா அவ்ளோதான்."

கேஸ் என்றால் அவர் கம்பெனி வேலை போகும். இரண்டு பெண்கள். அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

சின்னவள் குடத்தோடு வயல் போர்செட்டுக்குப் போய்விட்டுக் காலியாகத் திரும்பினாள். அது து.த.வின் மச்சானுடையது. பூட்டிவிட்டார்கள்.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மூன்றரை வருஷம் அந்த நோட்டை ஒரு தடவையாவது கையில் வாங்கிப் பார்த்தேனா?

சித்திரை 17, புதன்

மேகம் மூடி, மழை இல்லாத புழுக்கம்.

காலையிலேயே அவர் டைப் அடித்த தாளோடு வந்தார். 'மனுவில் உள்ளது என் கையெழுத்து அல்ல. தீர்மான நோட்டில் உள்ளதே என்னுடையது.' கீழே என் பெயர்.

படித்தேன். பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடுவதென்று முடிவு பண்ணியே எடுத்தேன், பிள்ளைகளுக்காக.

"நீ போடாத" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். "நீ போட்டா நோட்டுல கீறதோட ஒத்துப்போவாது."

அவரே போட்டார். இங்கிலீஷில், அடியில் கோடு.