பையோடு நின்ற எடை

செவ்வாய், இரவு.

இன்று டயாலிசிஸில் சும்மா படுத்திருக்க முடியவில்லை. பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்த செல்வி அக்கா, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எடை பார்த்துவிட்டார். அந்த எடையை வைத்தால் மெஷின் உடம்பிலிருந்து தேவைக்கு மேல் தண்ணீரை இழுத்துவிடும்.

"பையோட நின்னாங்க சார், இன்னொரு தடவ வெயிட் பாருங்க" என்று டெக்னீஷியனிடம் சொன்னேன்.

"விடும்மா, கோவிச்சுக்கப் போறாங்க" என்று அக்கா என் கையைப் பிடித்தார்.

டெக்னீஷியன் முறைத்தார். "நீங்க டாக்டராம்மா?"

"இல்ல சார், ஆறு வருஷமா பேஷண்ட்."

மறுபடி பார்த்ததில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. டெக்னீஷியன் மெஷினில் எடையைத் திருத்தினார்.

அப்பாடா, டயாலிசிஸ் முடிந்து அக்கா தானே நடந்துபோய் ஜீவனஹள்ளி பஸ் ஏறினார்.

முதல் மாதம் நானும் பையோடுதான் நின்றேன். அன்று என்னைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள்.