மணிக்குக் கீழே ஒரு வரி

ஒகினாவா
பிப்ரவரி 1973

அன்புள்ள நோபுகோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஒசாகாக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். கருப்புச் சர்க்கரை அனுப்பியிருக்கிறோம், அறைத்தோழிகளுக்கும் கொடு. அம்மாவின் முழங்கால் தேவலை.

ஊர் மன்ற வாசலில் தொங்குமே, அமெரிக்கப் படை போட்டுவிட்டுப் போன ஆக்சிஜன் உருளையை அறுத்துச் செய்த மணி, அதைப் பள்ளிக்கூடத்தில் வைக்க முடிவானது. ஊர்த்தலைவர் யாபிகு என்னிடம் வந்து, "வாத்தியாரே, கூட்டத்துக்கு ஊரைக் கூப்பிட்ட மணின்னு அழகா ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். நாம் தோற்ற வருடம், ஜெயித்த படையின் சிப்பாய்கள் பெண்களைத் தேடி ஊருக்குள் வருவார்கள், அப்போது அடிக்கக் கட்டிய மணி அது. சத்தம் கேட்டால் பெண்கள் பின்மலைக்கு ஓட வேண்டும். ஒரு பகலில் மூன்று பேர் வந்தார்கள். அன்று மணிக்குக் காவல் இருக்கும் முறை யாபிகுவுடையது. முந்தின நாள் டப்பா இறைச்சி கொடுத்துச் சிரித்துவிட்டுப் போன முகங்கள், ஆகவே அவர் அடிக்கவில்லை. உன் உஷி அத்தை கிழங்குத் தோட்டத்தில் இருந்தாள். அத்தைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியது இதனால்தான். இருபத்தேழு வருடமாக அந்த மனிதர் ஊற்றிய மதுவை நான் தொட்டதில்லை.

உள்ளதை எழுதிக் கொடுத்தேன். "எந்த வீட்டுப் பொண்ணுன்னு நாலு பேரு கேப்பான், உங்க வீட்டுக்குத்தான் அசிங்கம்" என்று திருப்பித் தந்தார். அது என்னையும் உறுத்தியது. அத்தையிடமே கேட்டேன். கீரை கட்டிக்கொண்டே, "என் பேரு வேணாம், மத்தபடி படிச்சவன் நீ, உன் இஷ்டம்" என்றாள்.

போன ஞாயிறு மணியைப் பள்ளியில் மாட்டினார்கள், வாசகம் இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக யாபிகு சுத்தியலை எடுத்து வேகவேகமாக நாலைந்து அடி அடித்தார். உன் அத்தை பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணை இடுப்பில் அள்ளிக்கொண்டு மலைப்பாதையில் ஓடினாள். பின்னாலேயே அவள் வயதுப் பெண்கள் ஏழு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் போய் அழைத்த பிறகு ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்தாள். சுத்தியலோடு நின்றவரைப் பார்த்து, "இப்ப அடிக்கத் தெரியுதா யாபிகு?" என்றாள்.

மறுநாள் அவரே மணிக்குக் கீழே மாட்ட வேண்டிய பலகையைக் கொண்டுவந்தார். வென்ற படையினர் வரும்போது பெண்கள் தப்பி ஓட அடித்த மணி என்று எழுதினேன். அவரை நான் மன்னித்துவிட்டதாக எண்ணாதே.

ஏப்ரலில் கல்லறைப் படையலுக்குக் கட்டாயம் வா. அத்தையிடம் எதுவும் கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்து கீரை கட்டு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. முன்னோர்கள் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
மயேஷிரோ செய்கி