பிரிக்காமல் திரும்பிய விடைத்தாள்

செவ்வாய்க்கிழமை இரவு, மருத்துவமனை

போன வாரம் இங்கே நோயாளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் வார்டு வகுப்பில் நான் எழுதி, உறையில் போட்டு என் பள்ளிக்கு அனுப்பிய வரலாற்றுத் தேர்வின் விடைத்தாள் இன்று திரும்பி வந்துவிட்டது. பள்ளியில் உறையைப் பிரிக்கவே இல்லை. பாயான் லெப்பாஸில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போன அம்மாவிடம் அப்படியே கொடுத்திருக்கிறார்கள்.

“ஆஸ்பத்திரி தாளு, தொத்திக்கும்னு ஆபீஸ்ல யாரும் தொடலையாம். ரிப்போர்ட்டுல நீ பரீட்சைக்கே வரலன்னு போட்டுட்டாங்க.”

“கிட்னி நோவு எப்படிம்மா தொத்தும்? படிச்சவங்கதானே அவங்க?”

“விடுலா. மொதல்ல ஒடம்பு தேறட்டும்.”

அவர்களை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஊசி குத்திய கையோடு ஒன்றரை மணி நேரம் எழுதினேன். உறையைப் பிரித்துத் தாளை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். கை கழுவாமல் இங்கே எங்களைப் பேனாவைத் தொடவே விடுவதில்லை.

நாளை கணிதத் தேர்வு. அந்தத் தாளும் அதே ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.