டப்பா மூடியில் ஒரு வில் ரேகை

ஜூலை 3

சாக்லேட் திருட்டு அமோக வெற்றி. ஒன்பதாம் வகுப்பு முப்பத்து நான்கு பேரும் மணி அடித்த பிறகும் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. மிரட்டல் கடிதம் எந்தப் பேனாவால் எழுதப்பட்டது என்று வடிதாளில் மையைப் பிரித்துப் பார்த்தார்கள். கறுப்பு மைக்குள் இருந்து நீலமும் ஊதாவும் தனித்தனியாக ஏறி வந்தபோது ஒரு பையன் "ஏய், பொய் சொல்லுதுடா இந்தப் பேனா!" என்று கத்தினான். திருடனாக நடித்த கணக்கு வாத்தியார் பிடிபட்டார். மனிதர் சாக்லேட்டை உண்மையிலேயே தின்றுவிட்டார், அது வேறு கதை.

என்னை இப்போது 'துப்பறியும் சார்' என்கிறார்கள். காதில் விழாதது மாதிரி நடக்கிறேன். நன்றாகவே விழுகிறது.

ஜூலை 9

இன்று கைரேகை. பென்சில் முனையைத் தேய்த்த பொடி, செல்லோ டேப், வெள்ளை அட்டை. பொடியைத் தடவ என் மனைவியின் பவுடர் பிரஷ்ஷைக் கேட்காமல் எடுத்துப் போயிருந்தேன். கறுப்பாகத் திரும்பி வந்ததைப் பார்த்து, "ஏங்க, இது திருட்டுல சேராதா?" என்றாள்.

வளையம், சுழி, வில் என்று மூன்று வகை. எல்லோருடைய கட்டைவிரலையும் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். வளையமும் சுழியுமாகவே வந்தன. வில் ஒரே ஒருத்திக்கு. ஆசிரியர்கள் அறையில் 'கேள்விக்குறி' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பெண்ணுக்கு. எதைச் சொன்னாலும் "எப்படி சார் உறுதியா சொல்றீங்க?" என்பாள். வில் அபூர்வம் என்று நான் சொன்னதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வகுப்பைச் சுற்றி வந்தாள்.

மாதக் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்களாம். தலைமையாசிரியை என் வகுப்பைத்தான் காட்டப்போகிறார்.

ஜூலை 15

புது மைக்ராஸ்கோப்பின் பெரிய லென்ஸைக் காணோம். அது இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா மேசைமேல் திறந்து கிடந்தது, மூடி தனியாக. கடைசியாக அங்கே இருந்தது ஒன்பதாம் வகுப்பு.

"சார், நாமளே கண்டுபிடிக்கலாம் சார்!" ஒரே சத்தம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் கை அரித்தது.

ஜூலை 16

எல்லோர் முன்னிலையிலும் மூடியில் பொடி தடவினேன். ஒரே ஒரு ரேகை, தெளிவாக எழுந்தது. டேப்பில் எடுத்து அட்டையில் ஒட்டினேன். வில். குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. பிரஷ் இழுத்த கோடு என்று விட்டுவிட்டேன்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"நான் அந்த டப்பாவைத் தொட்டதே இல்ல சார்."

"ரேகை பொய் சொல்லாதும்மா."

"என் கை மட்டும்தானா சார் அப்படி இருக்கும்?"

"இந்த வகுப்புல உன் கை மட்டும்தான்."

அவள் சுவரில் ஒட்டியிருந்த தன் அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னை. அழவில்லை. அழாததையும் நான் அவள் கணக்கில்தான் சேர்த்தேன். கொஞ்சம் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பாடம் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறதே என்ற பூரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஜூலை 17

லென்ஸ் திரும்பி வரும்வரை அவள் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு. ஆசிரியர்கள் அறையில் எனக்குக் கை தட்டினார்கள்.

ஜூலை 19

அவள் அப்பா வந்திருந்தார். பேருந்து நடத்துநர், பணியிலிருந்து நேராக, தோள்பையோடு. சண்டைக்கு வருவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீடு பூரா தேடிட்டேன் சார். மெத்தையைக்கூடப் பிரிச்சுப் பாத்துட்டேன். இருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேன்." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இதுவரைக்கும் அவ மேல கை வெச்சதில்ல சார். முந்தாநேத்து அடிச்சுட்டேன்" என்றார்.

"பக்குவமா கேட்டுப் பாருங்க, சொல்லுவா" என்றேன். என்ன பெருந்தன்மை எனக்கு!

ஜூலை 22

இன்றும் அவள் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பு அமைதியாக இருக்கிறது. நடுவில் நிறுத்திக் கேட்க ஆள் இல்லாததால் பாடம் வேகமாக முடிந்துவிடுகிறது.

ஜூலை 24

எழுதக் கை வரவில்லை.

பார்வையாளர்களுக்குக் காட்ட ஒரு பெரிய மாதிரிப் படம் வேண்டும். வீட்டில் வேறு யார் விரல் கிடைக்கும்? என் கட்டைவிரலையே பொடியில் அழுத்தி டேப்பில் எடுத்தேன். விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

வில்.

நடுவே வெள்ளையாக ஒரு கோடு. கல்லூரியில் படிக்கும்போது சோதனைக்குழாய் உடைந்து கிழித்த தழும்பு. பைக்குள் இருந்த மூடியின் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில் அதே கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு வரி இரண்டாகப் பிரிவது முதற்கொண்டு ஒன்று. பிரஷ் இழுத்த கோடாம்! மண்டையில் இருந்தது மூளையா களிமண்ணா?

அந்த டப்பாவைத் தினமும் திறந்து மூடுகிறவன் நான். ஒரு பொருளை வழக்கமாகத் தொடுகிறவர்களின் ரேகையை முதலில் எடுத்து ஒதுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சந்தேகம். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நான்தான். முப்பத்து நான்கு பிள்ளைகளின் விரலைப் பிடித்து அழுத்தினேனே, என் விரலை ஏன் எடுக்கவில்லை? மறந்தேனா? இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகப்படுகிற இடத்தில் நின்றவனுக்குத் தன் கை ஞாபகத்துக்கு வருமா?

அவளை அடிச்சுட்டாரே. ஐயோ, அந்த மனுஷன் அடிச்சுட்டாரே.

ஜூலை 25

சொல்லவில்லை. தலைமையாசிரியையின் அறை வாசல்வரை போய், சுண்ணாம்புக்கட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 27

பார்வையாளர்கள் வந்தார்கள். என் படத்தைக் கொண்டுபோகவில்லை. ஒரு பையனின் சுழியைக் காட்டினேன். எல்லாம் நன்றாக நடந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஒரு அதிகாரி, "இதெல்லாம் நிஜத்துல உதவுமா?" என்று கேட்டார். தலைமையாசிரியை முந்திக்கொண்டு, "எங்க ஸ்கூல்ல ஒரு திருட்டையே சார் பிடிச்சாரு!" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். மறுக்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. பல் தெரியச் சிரித்தேன். பின்பெஞ்சில் அவளுடைய தோழி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

தூ.

ஜூலை 28

மனைவியிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

லென்ஸ் கிடைத்துவிட்டால் அதோடு சேர்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன் என்றேன். இப்போது சொன்னால், ரேகை உங்களுடையது, அப்படியானால் லென்ஸ் எங்கே என்று என்னைத்தானே கேட்பார்கள் என்றேன்.

"கேக்கட்டும். அந்தப் பொண்ணைக் கேட்டீங்கல்ல?"

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது கொஞ்சம் ஆறியிருப்பேன்.

ஜூலை 29

இரண்டு அட்டைகளையும் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப லென்ஸ் எங்க சார்?"

"தெரியல மேடம்."

"உங்க ரேகை மட்டும்தான் இருக்கு."

"ஆமா மேடம்."

என் முகத்தையே பார்த்தார். பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தவர், அப்படிப் பார்த்தார். அந்தப் பெண் ஒரு வகுப்பு முழுவதும் தாங்கிய பார்வை அது. எனக்கு ஒரு நிமிடமே போதுமாக இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதைப் பெருசாக்க வேணாம். பொண்ணை வரச் சொல்லிடலாம். லென்ஸ் கெடச்சிருச்சுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கலாம்." ஒரு நொடி சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது, ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்படிச் சொன்னால் அவள்தான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள் என்று ஆகிவிடும் என்றேன். "உங்க இஷ்டம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பக்கத்துல நிக்க முடியாது" என்றார். ஆய்வகச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஜூலை 30

அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. நடத்துநர் கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மேல் கோபமே படவில்லை. "எத்தனை தடவ சொன்னா சார் அவ... எத்தனை தடவ சொன்னா" என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. மன்னிச்சுக்கோம்மா என்றேன்.

"வகுப்புல வெச்சு சொன்னீங்க. வகுப்புல வெச்சே சொல்லுங்க சார்."

வெளியே வரவில்லை.

ஜூலை 31

சொன்னேன்.

முதலில் மூடியின் அட்டையை ஒட்டினேன். வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு என் கட்டைவிரலை எடுக்கச் சொன்னேன். என் விரலை அழுத்தத் தயங்கியதால் இரண்டு முறை கலைந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது. பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினேன். வாங்கினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், அவசரமே இல்லாமல். வரிகளை எண்ணினாள் என்று நினைக்கிறேன். நான் அன்று எண்ணவில்லை.

"ஒத்துப்போகுது சார்" என்றாள்.

ரேகை பொய் சொல்லவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன், இவள் எடுக்கவில்லை, என்னை மன்னிக்க வேண்டும் என்று முழு வகுப்புக்கும் கேட்கும்படி சொன்னேன். தலைகள் குனிந்திருந்தன. அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கொடுத்ததும் நான்தான்.

"அப்ப யாரு சார் எடுத்தது?" ஒரு பையன் கேட்டான்.

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா சார்?"

"தெரியாதுப்பா."

அந்த ஒரு சொல்லை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் எனக்கு?

ஆகஸ்ட் 5

ஆசிரியர்கள் அறையில் நான் நுழைந்தால் பேச்சு மாறுகிறது. கணக்கு வாத்தியார் மட்டும், "லென்ஸை வித்து டீ வாங்கிக் குடுங்க சார்" என்று கிண்டல் செய்தார். சிரித்தேன். சிரித்த ஒரே ஆள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 9

அவள் இன்று முதல் முறையாக ஆய்வகத்துக்கு வந்தாள்.

அலுவலகத்தில் கேட்டு வாங்கிய சாவியால் திறந்து, நான் உள்ளே சோதனைக்குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. அவள் கைப்பிடியைத் தொடவில்லை. முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வந்தாள். ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். என் மேசையில் கிடந்த பயிற்சித்தாளைத் துப்பட்டா நுனியால் பிடித்து எடுத்தாள். கூட வந்த பிள்ளைகள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பக்கத்தில் போய், "கையால எடுக்கலாமேம்மா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

கோபமாகவெல்லாம் பார்க்கவில்லை. மரியாதையாக எழுந்து நின்றாள்.

"பரவால்ல சார். பழகிடுச்சு."

உட்காரச் சொன்னேன். பாடத்தைத் தொடங்கினேன்.